திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

காட்பாடியில் புகைவண்டி ஏறி ஆம்பூர், வாணியம்பாடி மார்க்கமாகச் செல்வோர்க்குத் தோல் பதனிடும் சாலைகளின் மணம் பாலாற்றங்கரை நெடுகிலும் வழித்துணையாக வரும். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்று மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து எடுக்கப்பட்ட தோல், கடல் கடந்து அயல்நாட்டார் காலுக்கு அணியாகச் சென்ற காலத்தும், அதனைப் பதப்படுத்திய கைக்கு மாத்திரம் சொந்த ஊரின் பொதுக்கிணற்றில் இடமில்லை. தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன்; அத்தோல் போர்த்த மிருதங்கத்திற்கோ சபையில் முன்னிடம். இவ்விந்தை நம் பக்கத்தார்க்குப் புதிதன்று. அத்தகைய கையையுடையான் ஒருவன் தன் மகனைப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஏற்றுவதற்கு எத்துணை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நம் கலாசாலையில் இன்று ஒரே பலகையில் அமர்ந்து வாசிக்கும் மாணாக்கர் பலர் அறியார். அதனை அறிவதற்கு இரட்டைமலை சீனிவாசனார் சரித்திரத்தினும் தக்க வாயில் வேறில்லை என்பது என் துணிபு.

சீனிவாசனார் செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859-ஆம் வருஷம் ஜூலை மாதம் 7-ஆம் தேதி பிறந்தார் என்பர். தந்தையார் பெயர் இரட்டைமலை. அதுவே பிற்காலத்தில் மகனார் பெயருக்கு முன்னின்று, நாடறிந்த பெயராயிற்று. ஜாதிக் கொடுமை தாங்கமாட்டாமல் குடும்பத்தார் ஊரைவிட்டுப் பெயர்ந்து தஞ்சைப் பக்கம் சென்று, பின்னர்க் கோயம்புத்தூரில் குடியேறினர். அங்குள்ள கலாசாலையிலே சீனிவாசனார் வாசிக்கலானார்.

அக்கலாசாலையில் ஏறக்குறைய 400 மாணாக்கர் இருந்தனர். அவருள் பத்துப்பேர் ஒழிய ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். ஜாதி ஆசாரங்கள் மிகக் கடுமையாக அனுஷ்டிக்கப்பட்டன. சீனிவாசனாரை எவரும் அடித்திலர். வெளியே நிற்கச் சொல்லவுமில்லை. எவருக்கும் அவர் யாரென்பது தெரியாது என்பதே அதன் காரணம். தெரிந்துவிட்டால் என்னாகும் என்ற அச்சம் ஒன்றே அவர்க்கு நாடோறும் போதுமான தண்டனையாயிருந்தது. ஆகையால் காலையிற் சீக்கிரமே புறப்பட்டாலும் பள்ளிக்குள் நுழையாமல், வெளியில் எங்கேனும் ஓரிடத்தில் புத்தகமும் கையுமாக இருந்துவிட்டு, பாடம் தொடங்கும் மணி அடித்தபின்னரே வகுப்பினுள் புகுவார். மாலையில் வகுப்புக் கலைந்ததும் மற்ற மாணாக்கர் தம்மை எட்டாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். உடன் நடப்பவன் எந்தத் தெரு என்று கேட்பான். தெருவைச் சொன்னால் ஜாதியைச் சொன்னதாகும். உடன் படிக்கும் பிள்ளைகளோடு கூடி விளையாடக் கூடவில்லையே என்ற ஏக்கம் அவர் நெஞ்சை அரித்தது. முதுமையில் தம் சரிதத்தை எழுதப் புகுந்த காலத்தும் இதனை அவர் மறந்தாரில்லை.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கல்வி என்பது பாடம் கேட்பது மாத்திரமன்று. மணி அடிப்பதற்கு முன் மரத்தடியில் நடக்கும் பேச்சும், மணி அடித்தபின் வழிநெடுக நிகழும் வாதமும் அதில் பாதி. அப்பாதி முழுவதும் அவருக்கு இல்லையாயிற்று. எஞ்சிய பாதியைக் கொண்டே அவர் ஆங்கிலமும் தமிழும் கணக்கும் தேர்ந்தார் என்றால் அவர் ஊக்கத்தை என்னென்பது!

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஐரோப்பியர் வர்த்தகசாலைகளில் கணக்கராகச் சுமார் பத்து ஆண்டுகள் உழைத்தார். 1887-ல் ரெங்கநாயகி அம்மையாரை மணந்தார். அக்காலத்தில் அயோத்திதாச பண்டிதரும் நீலகிரியில் இருந்தார். சீனிவாசனாருடைய சகோதரியை மணந்தவர் அவர். 1890-ல் சீனிவாசனார் உத்தியோகத்தைத் துறந்து சென்னைக்கு வந்து, ஒடுக்கப்பட்ட மக்களுடைய நிலையை நேரிற் கண்டறிந்து, அவர்கள் பொருட்டு ஒரு மகாஜன சபையை அமைத்தார்.

1893-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயரைக் கண்டு பகைவர் நகைத்தனர், நண்பர் கூசினர். பறையன் என்பதே அப்பெயர். அயோத்திதாச பண்டிதருக்கு அச்சொல்லே பிடியாது. பிறர் சூட்டிய இழிபெயரைக் களைந்து பழம்பெயர் நாடவேண்டும் என்பது அவர் கட்சி. மைத்துனர் இருவரும் இவ்விஷயத்தில் இறுதிவரை ஒத்துப்போகவில்லை. எவர் கட்சி சரியென்று தீர்ப்பது என் வேலையன்று. எனினும் ஒன்று கூறலாம்: எந்தச் சொல் பிறர் செவியில் விழுந்துவிடுமோ என்று அஞ்சிக் கோயம்புத்தூர்த் தெருக்களில் ஓடினாரோ, அந்தச் சொல்லையே கொட்டை எழுத்தில் அச்சிட்டுச் சென்னைத் தெருக்களில் விற்கச் செய்தார். தன்னை மறைத்துக்கொண்டு பெறும் உரிமை உரிமையாகாது என்பதை அவர் கண்டுகொண்டார் போலும். நான்கே பக்கங்கள் கொண்ட அந்தப் பத்திரிகையில் 400 பிரதிகள் இரண்டு நாளில் விலைபோயின. பிறகு ஒரு வழக்கில் நூறு ரூபாய் அபராதமும் நேர்ந்தது. 1900 வரை அப்பத்திரிகை நடந்தது.

அதே 1893-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியில் சென்னை சர்க்கார் பிறப்பித்த கல்வி உத்தரவு ஒன்று உண்டு. பஞ்சமர் என அந்நாளில் அழைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென நடத்தும் பள்ளிகளுக்கு விசேஷ உதவித்தொகை அளிக்கவும், அவ்வகுப்பாரிலிருந்து உபாத்தியாயர்களைப் பழக்கவும், பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம் விடவும் அது இடங்கொடுத்தது. மிஷனரிமார் அதனைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டனர். கிராமப் பள்ளிகள் பல அவ்வுதவியால் எழுந்தன. பள்ளியொன்று கிட்டியது மெய். அது சேரியில் ஒதுங்கிய பள்ளி என்பதும் மெய். ஊர்ப் பள்ளியின் கதவு அடைத்தபடியே இருந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் சீனிவாசனார் செய்த மற்றொரு காரியத்தை இக்காலத்தார் சிலர் குறை கூறுவர். சிவில் சர்வீஸ் பரீட்சையை இங்கிலாந்தில் போலவே இந்தியாவிலும் நடத்தவேண்டும் எனக் காங்கிரஸ் மகாசபை கேட்டது. அவர் அதனை எதிர்த்து, சென்னையில் கூட்டம் கூட்டி, 3412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். அதன் நீளம் 112 அடி. தேச நன்மைக்கு மாறாக நின்றார் என்பது குற்றச்சாட்டு. ஆனால் 400 பேருக்குப் பத்துப்பேர் என்ற கணக்கைத் தம் வகுப்பறையிலேயே கண்டவர் அவர். பள்ளியின் வாயிலைத் திறவாமல் உத்தியோகத்தின் வாயிலை மாத்திரம் அருகே கொண்டுவந்தால் அதனுள் நுழைபவர் எவர் என்பது அவருக்கு ஊகமன்று, அனுபவம்.

இங்கிலாந்து சென்று நேரில் முறையிட எண்ணி 1900-ல் கப்பலேறினார். வழியில் ஆப்பிரிக்காவிலே தங்க நேர்ந்தது. முதலில் ஜான்ஸிபார், பின்னர் நேட்டால். அங்கே நீதிஸ்தலத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து நெடுங்காலம் பணிபுரிந்தார். இவ்விடத்தில் நம் ஜில்லாவின் கதையும் அவர் கதையோடு கலக்கின்றது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர் 1,52,184 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர். அவருள்ளும் வட ஆர்க்காட்டார் மிகப் பலர். பாலாற்றங்கரையை விட்டுக் கரும்புத் தோட்டத்திற்குச் சென்ற அந்த ஏழைகள் துரைமார் மன்றத்தில் நின்று தமிழிற் சொல்வதை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பது சீனிவாசனாருக்கு வயிற்றுப் பிழைப்பாயிற்று.

அங்கே அவர் கண்டது என்ன? ஊரில் ஜாதி செய்த வேலையை அங்கே நிறம் செய்துகொண்டிருந்தது. பிராமணராயினும் வணிகராயினும் கூலியாயினும் இந்தியர் என்றால் வெள்ளையர்க்கு எல்லோரும் ஒன்றே. 1896-ல் இந்தியருடைய வாக்குரிமை பறிக்கப்பட்டது. வெள்ளைப் பிள்ளைகளின் சர்க்கார்ப் பள்ளியில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. 1899-ல் டர்பனில் அவர்களுக்கெனத் தனிப்பள்ளி ஏற்பட்டது. காந்தியடிகள் தம் புதல்வரை ஐரோப்பியர் பள்ளியில் சலுகையாகச் சேர்த்திருக்கலாம்; பிற இந்தியருக்கு இல்லாத சலுகை தமக்கு வேண்டாம் என்று அவர் மறுத்ததை அவர் சுயசரிதை கூறும். காந்தியடிகள் தமிழிற் கையொப்பமிடக் கற்றது சீனிவாசனாரிடத்தே என்பர். நிறபேதத்தைக் கண்டு கொதித்த நம்மவர், சொந்த ஊரில் தாம் பிறர்க்குச் செய்வதை நினைத்துப் பார்த்தனரா? சிலர் நினைத்தனர்.

1921-ஐ ஒட்டி அவர் தாயகம் மீண்டபோது சென்னை ராஜதானியில் நிலைமை யாது? 1919-ல் சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி, பொது நிர்வாகத்திலிருந்த பள்ளிகள் 8157. அவற்றுள் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. மற்றவற்றுள் பல அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் இருந்தன. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் எவரையும் தள்ளலாகாது என்று உத்தரவு பிறந்தது. ஆயினும் பள்ளிக்குச் செல்லும் வீதியில் நடக்கத்தகாத பிள்ளை, திறந்த கதவை எங்ஙனம் அடைவது? உத்தரவு கதவைப் பற்றியது. தடையோ தெருவில் இருந்தது.

1923-ல் சட்டசபை அங்கத்தினரான சீனிவாசனார் அந்தத் தெருவையே பிடித்தார். எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பினரும் நடப்பதற்கும், சர்க்கார் அலுவலகம், பொதுக்கிணறு, குளம் முதலியவற்றை அணுகுவதற்கும் தடையில்லை என்று 1924-ல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பரில் சர்க்கார் உத்தரவாகவும் வெளியாயிற்று. பார்வைக்குச் சிறிய தீர்மானம். தெருவின் பெயரைச் சொல்ல அஞ்சி ஓடிய மாணவன் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சட்டசபையில் நின்று தெருக்கள் அனைத்தையும் தனக்கும் தன்னவர்க்கும் உரியவை எனப் பதிவு செய்தான் என்று கொண்டால் அதன் அருமை விளங்கும். காகிதத்தில் வந்தது மண்ணில் வர நாட்பட்டது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. சில ஊர்களில் இன்னும் வந்தபாடில்லை.

1930, 1931-ஆம் ஆண்டுகளில் லண்டனில் நடந்த வட்டமேஜை மகாநாட்டில் டாக்டர் அம்பேத்காரோடு அமர்ந்து பேசினார். அரசர் ஐந்தாம் ஜார்ஜ் கைகுலுக்க முன்வந்தபோது தாம் தீண்டத்தகாதவர் எனக் கூறிக் கையை நீட்டாது நின்றார் என்றும், அரசர் தாமே கையைப் பற்றினார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. 1932-ல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவருள் அவரும் ஒருவர். ராவ் சாகிப், ராவ் பகதூர், 1936-ல் திவான் பகதூர் என்று பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1939-ல் தம் வாழ்க்கையை ஜீவிய சரித்திர சுருக்கம் என்ற பெயரில் சிறு நூலாக வெளியிட்டார். பெயருக்கேற்ப அது சுருக்கமே. விண்ணப்பங்களும் கூட்டங்களும் தேதிகளும் நிறைந்த அந்நூலில் பள்ளிப்பருவம் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. ஆயினும் வாசிப்போர் நினைவில் நிற்பது அவ்வரிகளே.

சமயம், இனம், ஜாதி, மொழி காரணமாக, சர்க்கார் பணம் பெறும் எந்தக் கல்விச்சாலையிலும் எவர்க்கும் இடம் மறுக்கலாகாது என்னும் விதி 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவாக இடம்பெற்றது. அமெரிக்க தேசத்தில் வெள்ளையர்க்கும் கறுப்பின மக்களுக்கும் தனித்தனிப் பள்ளி நடத்துவது செல்லாது என்று உச்சநீதிமன்றத்தார் தீர்ப்பளித்தது 1954-ல். சீனிவாசனார் இவ்விரண்டையும் கண்டாரில்லை. 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி சென்னையில் அவர் காலமானார். ஓட்டேரி இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.