அவகாட்ரோ

இத்தாலி நாட்டின் வடபால் தூரின் என்னும் நகரம் உளது. அங்கே, வழிவழியாகச் சட்டத்துறையில் பணியாற்றிய குடும்பம் ஒன்றில், 1776 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9 ஆம் நாள் அமேதியோ அவகாட்ரோ பிறந்தார். அவரும் முன்னோர் வழியே திருச்சபைச் சட்டம் பயின்று, இருபது வயதிற்குள் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் சட்ட நூல்களில் நிலைக்கவில்லை. கணிதத்தையும் பௌதிகத்தையும் தாமே முயன்று கற்று, 1809 இல் வெர்செல்லி நகரக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்து இரசாயன அறிஞரை ஓர் ஐயம் வாட்டியது. பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்று ஆங்கிலேயராகிய டால்டன் கூறியிருந்தார். அணுவோ கண்ணுக்குப் புலப்படாதது. தராசில் இட்டு நிறுக்கவும் ஒண்ணாதது. தண்ணீரில் ஹைட்ரஜன் ஒரு பங்கு எடையாயின், ஆக்சிஜன் ஏறத்தாழ எட்டுப் பங்கு உள்ளது. ஓர் ஆக்சிஜன் அணுவுடன் சேர்வது ஒரு ஹைட்ரஜன் அணுவா, இரண்டா? ஒன்றாயின், ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைப்போல் எட்டு மடங்கு எடையுடையது. இரண்டாயின், பதினாறு மடங்கு. டால்டன் ஒன்றெனவே கொண்டார்.

இரண்டு படி ஹைட்ரஜனும் ஒரு படி ஆக்சிஜனும் கூடினால் இரண்டு படி நீராவி உண்டாகும் என்று கே-லுசாக் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டிருந்தார். இதன் உட்பொருளை 1811 இல் அவகாட்ரோ விளக்கினார். ஒரே வெப்பமும் அழுத்தமும் உடைய வாயுக்கள் சம அளவில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும். ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு அணுக்கள் கூடியதாகலின், அது பிரிந்து இரண்டு நீர் மூலக்கூறுகளில் அமைகின்றது என்றார். நீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் அணு இரண்டு என்பது இதனால் பெறப்பட்டது.

உலகம் செவிசாய்க்கவில்லை. ஒரே இனத்து அணுக்கள் தம்முள் இணையா என்பது பெர்சீலியஸ் போன்ற பேரறிஞரின் துணிபு. அவகாட்ரோவும் தம் கருத்தைப் பறைசாற்றித் திரியும் இயல்பினர் அல்லர். 1820 இல் தூரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மறு ஆண்டில் மூண்ட கிளர்ச்சியின் பின்னர் அப்பதவியும் பறிபோயிற்று. அரசியற் சூறாவளி அமைதியே உருவான ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை. 1834 இல்தான் அது மீண்டும் கிடைத்தது. 1856 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9 ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவர் கோட்பாடு ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது.

நான்கு ஆண்டுகள் சென்றன. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய இரசாயன அறிஞர் பேரவையில், கன்னிசாரோ என்னும் இத்தாலியர் அக்கோட்பாட்டை எடுத்துரைத்தார். அதன்பின் அணு எடைக் குழப்பம் படிப்படியாகத் தீர்ந்தது. நீரின் மூலக்கூறு எடை 18 ஆயிற்று; ஆகவே 18 கிராம் நீர் ஒரு மோல், மூன்று மோல் நீர் 54 கிராம். டால்டன் கணக்குப்படி அது 27 கிராமாகப் பாதியே ஆகியிருக்கும். சோற்றுப்பில் சோடியம் 23, குளோரின் 35.5; கூட்டினால் 58.5. எனவே இரண்டு மோல் உப்பு வேண்டுவோர் 117 கிராம் நிறுத்துக்கொள்கின்றனர்.

ஒரு மோலில் அடங்கிய துகள்கள், 6.022 ஐப் பத்தின் 23 ஆம் அடுக்கால் பெருக்கிவரும் எண்ணிக்கையின. 1909 இல் பெரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்கு அவகாட்ரோ எண் எனப் பெயரிட்டார். அவ்வெண்ணை அவகாட்ரோ ஒருநாளும் கணித்தவர் அல்லர்.