மயக்க மருந்தை அளந்து கொடுத்த டாக்டர் ஜோன் ஸ்னோ

பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்களிலிருந்து அறுவை சிகிச்சைக்காகத் தஞ்சோங் காராங்கிற்கோ சுங்கை பூலோவிற்கோ செல்பவர்கள், கத்தி பிடிக்கும் டாக்டரை நினைத்துத்தான் பயப்படுவார்கள். ஆனால், அதற்கு முன்பே மயக்க மருந்து டாக்டர் வந்து பல கேள்விகளைக் கேட்பார். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, தினமும் எடுக்கும் மருந்துகள் என்னென்ன, எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது ஆனதா என்றெல்லாம் விசாரிப்பார்.

இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. தேதி தள்ளிப் போய்விடுமோ என்ற பயத்தில், காலையில் குடித்த தேநீரை மறைத்துவிடுபவர்களும் உண்டு.

மயக்க மருந்தை அளவறிந்து, ஆளறிந்து கொடுக்காவிட்டால் அதுவே உயிரைப் பறிக்கும் என்பதை முறையாக ஆராய்ந்து காட்டிய முன்னோடி டாக்டர் ஜோன் ஸ்னோ. அவர் ஒரு கூலித் தொழிலாளியின் மகன்.

கரிக்கிடங்குத் தொழிலாளியின் பிள்ளை

ஜோன் ஸ்னோ 1813 மார்ச் 15ஆம் தேதி இங்கிலாந்தின் யோர்க் நகரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவரே மூத்தவர். தந்தை ஆற்றோரக் கரிக்கிடங்கில் வேலை செய்தவர். ஆயினும் மகனைப் படிக்க வைத்தார். 14 வயதில் ஸ்னோ, நியூகாசல் நகரில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

நமக்குப் பக்கத்திலுள்ள பத்து ஆராங் போல, நியூகாசல் வட்டாரமும் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றது. 1831இல் அங்கே காலரா பரவியபோது, கில்லிங்வொர்த் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை அளிக்க அனுப்பப்பட்டவர் இளைஞர் ஸ்னோ. ஏழை உழைப்பாளிகள் எப்படிச் சாகிறார்கள் என்பதை அவர் நேரில் பார்த்தார்.

17 வயதில் சைவ உணவுக்கு மாறினார். மதுவையும் தவிர்த்தார். 1836இல் மருத்துவம் படிக்க லண்டனுக்குப் புறப்பட்டபோது, வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். 1844இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் உயர் மருத்துவப் பட்டத்தைப் பெற்றார். சோஹோ பகுதியில் சிறிய அளவில் மருத்துவம் பார்த்து வந்த அவர், கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

கைக்குட்டையில் ஊற்றிய காலம்

1846 அக்டோபரில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில், ஈதர் ஆவியை முகரச் செய்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இம்முறை லண்டனுக்கும் வந்துவிட்டது. ஆனால், சில நோயாளிகள் முழுதாக மயங்கவில்லை. சிலர் துள்ளித் திமிறினர். அதே மருந்து ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் வேலை செய்தது ஏன் என்று பலருக்கும் புரியவில்லை.

ஸ்னோ அதன் காரணத்தைத் தேடினார். ஈதர் திரவம் வெப்பம் கூடக் கூட அதிகமாக ஆவியாகும். அறை சூடாக இருந்தால் நோயாளி இழுக்கும் காற்றில் மருந்து கூடும். குளிராக இருந்தால் குறையும். எந்த வெப்பநிலையில் காற்றில் எவ்வளவு ஈதர் கலக்கும் என்பதைக் கணக்கிட்டு, 1847 ஜனவரியிலேயே ஓர் அட்டவணையை வெளியிட்டார். மருந்து வைத்த கருவியைத் தண்ணீருக்குள் வைத்து வெப்பநிலையைச் சீராக வைத்தார். தேவைப்படும்போது வெளிக்காற்றை உள்ளே விட முகமூடியில் வழி அமைத்தார்.

அதே ஆண்டில் மயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்து ஒரு நூல் எழுதினார். கண், மூச்சு, தசை ஆகியவற்றைக் கவனித்தால் நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியும். தேவையான நிலை வந்ததும் மேலும் ஆழத்திற்குப் போக விடக்கூடாது என்பதே அதன் பயன்.

15 வயதுச் சிறுமியின் மரணம்

1847 நவம்பரில் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் சிம்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். அது வேகமாக மயக்கியது, கருவியும் தேவைப்படவில்லை. துணியில் ஊற்றி மூக்கருகே வைத்தால் போதும் என்று எங்கும் பரவியது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28ஆம் தேதி, நியூகாசல் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்த சில நிமிடங்களில் இறந்தாள். ஸ்னோ தொழில் பழகிய வட்டாரம் அது. ஒரு நகத்துக்காக ஓர் உயிர் போனது.

இது விதி என்று ஸ்னோ விட்டுவிடவில்லை. பிராணிகளிடம் சோதனை செய்தார். தம் மீதும் மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார். மொத்தம் எவ்வளவு மருந்து செலவானது என்பதை விட, ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு போகிறது என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்று கண்டார். காற்றில் குளோரோஃபார்ம் ஆவி நூற்றுக்கு நான்கைந்து பங்கு வரை இருந்தால் சமாளிக்கலாம். எட்டு, பத்து என்று ஏறினால் சில மூச்சுகளிலேயே இதயத்தை நிறுத்திவிடும் என்பது அவர் முடிவு. துணியில் ஊற்றும் முறையில் இந்த அளவு யாருக்கும் தெரியாது.

வயிறு நிறைய உணவு இருந்தால் குளோரோஃபார்ம் வாந்தி எடுக்க வைக்கும் என்றும் அவர் எச்சரித்தார். காலை உணவுக்கு முந்திய நேரமே அறுவை சிகிச்சைக்கு மிகவும் ஏற்றது என்பது அவர் கருத்து.

அரசிக்கும் அதே கவனம்

1848 முதல் 1858 வரை தாம் மயக்க மருந்து கொடுத்த நோயாளிகளைப் பற்றி ஸ்னோ குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். 4,000க்கும் மேற்பட்ட முறை குளோரோஃபார்ம் கொடுத்தார். 1853 ஏப்ரல் 7ஆம் தேதி விக்டோரியா அரசியின் பிரசவத்திற்கு அவரையே அழைத்தார்கள். சிறிது சிறிதாக, சுமார் 53 நிமிடங்கள், அரசி முழுதாக நினைவிழக்காதபடி கொடுத்தார். 1857இல் இரண்டாம் முறையும் அழைக்கப்பட்டார்.

இடையில் 1854இல், சோஹோவில் காலரா பரவியது குடிநீரால்தான் என்று கண்டறிந்து, பிராட் ஸ்திரீட் தண்ணீர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தவரும் இவரே. உலகம் இன்று அவரை அதிகம் நினைவில் வைத்திருப்பது அதற்காகத்தான்.

1856இல் அமிலீன் என்ற புதிய மயக்க மருந்தை அவரே முதலில் பயன்படுத்தினார். அதனால் வாந்தி குறைவாக இருந்தது. 238 முறை கொடுத்தார். இரண்டு நோயாளிகள் இறந்தனர். உடனே அதைக் கைவிட்டார். தாமே கொண்டுவந்த மருந்து என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இறந்ததையும் மறைக்காமல் எழுதினார்.

குளோரோஃபார்மால் நேர்ந்த 50 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நூல் எழுதிக்கொண்டிருந்தபோது, 1858 ஜூன் 10ஆம் தேதி அவருக்குப் பக்கவாதம் தாக்கியது. ஜூன் 16இல், 45 வயதில் காலமானார். நூல் அதே ஆண்டில் நண்பரின் முயற்சியால் வெளிவந்தது.

ஹைதராபாத்தில் எழுந்த கேள்வி

அவர் மறைந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவில் அதே விவாதம் மீண்டும் எழுந்தது. குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாகத் தாக்காது, மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்று ஹைதராபாத் மருத்துவர் எட்வர்ட் லோரி வாதிட்டார். நிஜாமின் பணத்தில் 1888, 1889 ஆண்டுகளில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. இரண்டுமே அவர் கூற்றை ஆதரித்தன. ஆனால், குளோரோஃபார்ம் இதயத் துடிப்பைக் குலைத்துத் திடீர் மரணம் விளைவிக்கும் என்பதை 1911இல் குட்மன் லெவி நிரூபித்தார். இதயத்தைப் பற்றி ஸ்னோ எச்சரித்தது வீண்போகவில்லை.

இன்று அறுவை சிகிச்சை அறைகளில் குளோரோஃபார்ம் இல்லை. ஆவியை நூற்றுக்கு இத்தனை பங்கு என்று அளந்து தரும் கருவிகள் வந்துவிட்டன. இதயத் துடிப்பையும் இரத்தத்திலுள்ள உயிர்வாயுவையும் நொடிக்கு நொடி திரை காட்டுகிறது. ஆனாலும் நோயாளி சொன்னால் மட்டுமே தெரியும் செய்திகளைக் கருவி காட்டாது. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் ஓர் அரிய குறைபாட்டால், சில மயக்க மருந்துகள் உடல் வெப்பத்தை அபாய அளவுக்கு ஏற்றிவிடும். நாட்டு மருந்துகள் சிலவும் இரத்தப் போக்கைக் கூட்டும்.

ஆகவே, அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள் சாப்பிட்டதையும் குடித்ததையும் விழுங்கிய மாத்திரையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தேதி தள்ளிப்போனால் மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம்.