கண்ணிழந்த காலத்து வன்றொண்டர்

நோயுற்ற அடியவர் ஒருவர் பதிகம் ஓதி வழிபடுகின்றார், நோய் நீங்கவில்லை. அவர் ஓதியது வீணாயிற்றோ? அன்பிற் குறையோ, ஓதும் முறையிற் பிழையோ, அன்றி இறைவர் திருச்செவி சாய்த்திலரோ? திருமுறை ஓதும் இல்லங்களில் இவ்வினா எழுந்தவண்ணமே உள்ளது. இதற்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதின்று. கண்ணிழந்தும் உடம்பிற் பிணியுற்றும் ஊர்தோறும் பாடிக்கொண்டே நடந்த நம்பியாரூரர் திருவரலாற்றின் ஒரு பகுதியை ஊன்றி நோக்குதலே சாலும்.

ஆரூரர் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரிலே, ஆதிசைவராகிய சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் திருமகனாராய் அவதரித்தவர்; நரசிங்கமுனையரையர் மகன்மை கொண்டு வளர்க்க வளர்ந்தவர். அவர் காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்கும் இடைப்பட்டதென ஆராய்ச்சியாளர் பலவாறு கூறுவர். புத்தூரில் மணப்பந்தரிலே முதுவேதியராய் வந்து ஆளோலை காட்டி வழக்கிட்ட பெருமானை வன்மொழி கூறி எதிர்த்தமையால் வன்றொண்டர் என்றும், திருவாரூரிலே அப்பெருமான் தம்மைத் தோழமையாகத் தந்தருளினமையால் தம்பிரான் தோழர் என்றும் திருப்பெயர் பெற்றனர். பரவையாரை மணந்ததும் திருத்தொண்டத்தொகை அருளியதும் அவ்வாரூரிலேயாம். இவை அன்பர் நன்கறிந்தனவாதலின் ஈண்டு விரித்திலம்.

தொண்டைநாட்டுத் தலங்களை வணங்கப் போந்த ஆரூரர், திருவொற்றியூரிலே சங்கிலியாரைக் கண்டு காதலுற்றார். ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து, ஒற்றியூர்ப் பெருமானுக்குத் திருமாலை தொடுக்கும் பணி பூண்டிருந்தவர் அவ்வம்மையார். பிரியேன் எனச் சூளுரைத்தாலன்றி மணம் இயலாதென்று அறிந்தபொழுது ஆரூரர் ஒரு சூழ்ச்சி செய்தார். சந்நிதியில் தாம் சூளுரைக்கும் நேரத்தில் பெருமான் கோயிலை நீங்கி மகிழமரத்தடியில் எழுந்தருளியிருத்தல் வேண்டுமென விண்ணப்பித்தார். பெருமானும் இசைந்தார், இசைந்தவர் சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின்கீழேயே சூளுறவு கொள்க என அறிவித்தும் அருளினார். தோழர் செய்த சூழ்ச்சி தோழராலேயே முறிந்தது. தாம் வேண்டி எழுந்தருளுவித்த பெருமானுக்கு முன்னரே ஆரூரர் சூளுரைக்க நேர்ந்தது.

நாட்கள் கழிந்தன. ஆரூரில் வசந்த விழாக் காலம் அணுகியது. வீதிவிடங்கப் பெருமானையும் பரவையாரையும் நினைந்த உள்ளம் நிலைகொள்ளவில்லை. ஆரூரர் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவிலே இருகண்களும் மறைந்தன. இளமையும் அழகும் புலமையும் அரச வளமும் ஒருங்கு பெற்ற ஒருவர், நடுவழியில், நண்பகலில், இருளில் நின்றார்.

அந்நிலையில் அவர் செய்தது யாது? பாடினார். வேறொரு தெய்வத்தை நாடவில்லை. சூள் பிழைத்தமையை மறைக்கவும் இல்லை. குற்றம் தமதென ஒப்புக்கொண்டே, மூன்று கண்ணுடையவர் அடியான் கண்ணைக் கொள்ளுதல் முறையோ என வழக்கிட்டார். அதுவே முறையாயின் ஊன்றி நடக்க ஒரு கோலேனும் தருக எனக் கேட்டார். கண் வரவில்லை, கோலும் வரவில்லை. வடதிருமுல்லைவாயில் சேர்ந்து, சங்கிலியார் பொருட்டாகத் தம் கண்ணைக் கொண்ட செய்தியைச் சொல்லி, துயர் களைய வேண்டிப் பாடினார். அங்கும் கண் வரவில்லை. திருவெண்பாக்கம் சேர்ந்து, பிழை பொறுப்பார் என்னும் துணிவினாலன்றோ பிழை செய்தோம் என்று முறையிட்டு, பெருமான் கோயிலில் உள்ளாரோ என வினவினார். உள்ளோம், நீர் செல்லலாம் என்னும் கருத்துடைய விடை ஒன்றும், ஓர் ஊன்றுகோலும் கிடைத்தன.

இவ்விடத்தே நாம் சற்று நிற்றல் வேண்டும். ஒற்றியூரில் கேட்ட கோல் வெண்பாக்கத்தில் வந்தது. கேட்டவற்றுள் பெரியது மறுக்கப்பட்டது. சிறியது, அதுவும் காலந் தாழ்த்து, அருளப்பட்டது. ஆரூரர் சினந்து அக்கோலை வீச, நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது அத்தலத்தார் வழக்கு. சேக்கிழார் வாக்கில் அது காணப்படவில்லை. 1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தினுள் அப்பழம்பதி மூழ்கிப்போகக் கோயில் வேறிடத்தில் எழுப்பப்பெற்றது. ஊர் மறைந்தும் பதிகம் மறைந்திலது.

கோலூன்றி நடந்தவர் பழையனூர் ஆலங்காட்டை வணங்கிக் காஞ்சியை அடைந்தார். ஏகம்பத்திலே இடக்கண் ஒளி பெற்றது. பாதி பெற்றவர் மீதிக்காகக் காஞ்சியிலே தங்கிவிடவில்லை. பெற்ற ஒரு கண்ணைக்கொண்டு ஏகம்பரைக் கண்ட களிப்பையே அங்குப் பாடினார். ஆமாத்தூர், நெல்வாயில் அரத்துறை முதலிய தலங்களைப் பணிந்து சோழநாடு புகுந்து, ஆவடுதுறையை வணங்கித் திருத்துருத்தி சேர்ந்தார். உடம்பைப் பற்றியிருந்த பிணியை நீக்கும்படி அங்கு வேண்ட, கோயிலின் வடபால் உள்ள குளத்தில் நீராடுமாறு பெருமான் பணித்தார். நீராடி எழுந்தபோது அப்பிணி நீங்கியது. குத்தாலம் என இன்று வழங்கும் காவிரிக்கரை ஊரே அத்துருத்தி. இறுதியாகத் திருவாரூர் சேர்ந்தார். மீளா அடிமை பூண்டார் துன்பத்தை உள்ளடக்கி முகம் வாடி முறையிட, வாளாவிருக்கும் பெருமான் தாமே இனிது வாழ்க எனக் கடிந்து பாடினார். வலக்கண்ணும் ஒளி பெற்றது.

ஓரிடத்தில் ஒரே பதிகத்தால் தீர்ந்திருக்கக்கூடிய துன்பம், தொண்டைநாடு முதல் காவிரிநாடு வரை சிறிது சிறிதாகத் தீர்ந்தது ஏன்? ஊழ்வினை நுகர்ந்தே கழிய வேண்டுமென்பது சித்தாந்தத் துணிபு. சூள் பிழைத்த வினைக்குத் தோழமையும் விலக்கன்று. ஆயினும் அவ்வினையை ஊட்டுவிப்பவர் பகைவரல்லர். பெற்றோர் பிள்ளையை ஒறுப்பது அன்பினாலாதல்போல, இறைவர் ஒறுப்பதும் அருளே என்று சிவஞானசித்தியார் தெளிவிக்கும். அறக்கருணை, மறக்கருணை என இருவகையாயினும் கருணை ஒன்றே. கண்ணைக் கொண்டதும் அக்கருணை; கோலைக் கொடுத்ததும் அதுவே.

இன்னுமொன்று கருதத்தக்கது. ஏழாந் திருமுறையாக நமக்குக் கிடைத்துள்ள 100 பதிகங்களுள், கண் பெற்ற ஏகம்பப் பதிகமும் உண்டு. கண் பெறாத ஒற்றியூர், முல்லைவாயில், வெண்பாக்கப் பதிகங்களும் உண்டு. முன்னது திருமுறை, பின்னவை பயன்படாதவை என்று பகுத்தார் எவருமிலர். பதிகத்தின் பயன் பிணி நீக்கம் ஒன்றே என்போர், இம்மூன்று பதிகங்களை எங்கு வைப்பர்? அவற்றின் பயன் வேறு. கண்ணில்லாத அந்நெடுவழியில் ஆரூரர்க்கும் பெருமானுக்கும் இடையே பேச்சு ஒருநாளும் அறவில்லை என்பதே அப்பயன். பிணக்கும் பேச்சே, வழக்கும் வழிபாடே. வாய் மூடிப் போயிருந்தால் அதுவே உண்மைக் குருடு ஆகியிருக்கும்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றை வைத்த இடமும் ஆழ்ந்த கருத்துடையது. ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தினுள்ளே இதனை அமைத்தார். கலிக்காமரோ மற்றொரு நோயாளர். பரவையார் ஊடல் தீர்க்கப் பெருமானைத் தூதுவிட்டமை கேட்டு ஆரூரர்மேல் சினந்திருந்தவர் அவர். அவர்க்குச் சூலைநோய் தந்த பெருமான், வன்றொண்டன் தீர்த்தாலன்றி அது தீராதென்றார். பகைத்தவன் கையால் நோய் தீர்தலினும் இறத்தல் நன்றெனக் கலிக்காமர் உடைவாளால் உயிர் துறந்தார். வந்து கண்ட ஆரூரர் அதே வாளைத் தம்மேற் பாய்ச்சப் புக, பெருமான் அருளால் உயிர்பெற்று எழுந்த கலிக்காமர் வாளைப் பற்றித் தடுத்தார். இருவரும் நண்பராயினர். நோயின் இருளில் நடந்தவரையே மற்றொருவர் நோய் தீர்க்க விடுத்த திருவருளை எண்ணுந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது.

ஆதலின், பிணியுற்று ஓதும் அன்பர் பிணி நீங்கிற்றிலதே என்று பாடலை நிறுத்துதல் ஒழிக. மருத்துவர் தரும் மருந்தை உண்க. ஓதுதலையும் விடாது செய்க. கண் வரும் தலம் எதுவென ஆரூரர் அறிந்து நடந்தாரல்லர். வெண்பாக்கத்துக் கோலை ஊன்றியே அவர் ஏகம்பம் சேர்ந்தார். நமக்கும் இன்று கிடைத்திருப்பது கோலேயாயின், அதனை ஊன்றி அடுத்த தலத்திற்கு நடப்போமாக.

திருச்சிற்றம்பலம்.