காவலர் பெட்ரோசினோ

ஒரு குலத்தின் நற்பெயரைக் கெடுப்போர் இருவகையினர். தீமை செய்வோர் ஒரு வகையினர்; அத்தீமையைக் கண்டும் நம்மவர் ஆயிற்றே என்று வாளா இருப்போர் மற்றொரு வகையினர். முதல் வகையினரைச் சட்டம் தண்டிக்கும். இரண்டாம் வகையினரைச் சட்டம் பெரும்பாலும் தண்டிப்பதில்லை. ஆதலின் தம் குலத்தாரிடத்து மெய்யன்புடைய ஒருவர், அக்குலத்துத் தீயோரைத் தாமே முன்னின்று அடக்கப் புகுவராயின், அவர் அடைவது தீயோரது பகையும் நல்லோரது மனத்தாங்கலுமேயாம். சிலபோது மரணமும் ஆம். இவையனைத்தையும் அடைந்தும் கடமையினின்று வழுவாத ஒருவரது வரலாற்றை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் மக்கட்கும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் பெயர் ஜோசப் பெட்ரோசினோ. இத்தாலி தேசத்திற் பிறந்து, அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்துப் போலீஸில் 25 ஆண்டுகள் ஊழியம் செய்து, 1909-ஆம் ஆண்டில் சிசிலித் தீவிலே கொலையுண்டவர் அவர்.

பிறப்பும் இளமையும்

பெட்ரோசினோ 1860-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ஆம் தேதி தென் இத்தாலியில் சலேர்னோ ஜில்லாவைச் சேர்ந்த பாதுலா என்னும் மலையூரிற் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு தையற்காரர். அக்காலத்துத் தென் இத்தாலியில் வறுமை மிக்கிருந்தது. உழைத்தும் உண்ண வழியற்ற குடிகள் பலர் கடல் கடந்து பிழைக்கச் சென்றனர். பெட்ரோசினோவின் குடும்பத்தாரும் 1870-ஐ அடுத்த ஆண்டுகளில் நியூயார்க்கு நகரத்திற் குடியேறினர். அப்பொழுது அவர் சிறுவர்.

அந்நகரத்தில் மல்பெரித் தெருவிலே போலீஸ் தலைமை நிலையம் இருந்தது. அதன் எதிரே அமர்ந்து, வருவோர் போவோரது காலணிகளைத் துடைத்து மெருகிட்டு நாலு காசு ஈட்டிய ஏழைச் சிறுவருள் பெட்ரோசினோவும் ஒருவர். பின்னர் 1878-இல் அவருக்குத் தெருப் பெருக்கும் வேலை கிடைத்தது. அக்காலத்தில் நகரத் துப்புரவு வேலை போலீஸாரின் மேற்பார்வையில் நடைபெற்றது. ஆகவே இத்தாலிய மொழியும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்த இவ்விளைஞர்பால் போலீஸ் அதிகாரிகளின் கண் விழுந்தது. அந்நாளில் அப்படையிற் பெரும்பாலார் அயர்லாந்து மரபினர். இத்தாலியர் பேச்சை அறிந்தவர் மிகச் சிலர். பெட்ரோசினோவோ தம் நாட்டார் பேசும் வட்டார வழக்குகள் பலவற்றையும் நன்கு அறிந்தவர். அவர் உயரம் 5 அடி 3 அங்குலமே. போலீஸில் சேர்வதற்கு வேண்டிய அளவிற்குக் குறைந்தது. ஆயினும் அதிகாரிகள் அவ்விதியைத் தளர்த்தி, 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 19-ஆம் தேதி அவரைப் படையிற் சேர்த்துக்கொண்டனர். தெருவிற் குப்பை அள்ளியவர் அத்தெருவிற்குக் காவலர் ஆயினர்.

துப்பறியும் திறம்

பெட்ரோசினோ ஒருமுறை கண்ட முகத்தை மறவாதவர். கூலியாள் போலவும் பிச்சைக்காரர் போலவும் வேடம் புனைந்து, குற்றவாளிகள் கூடும் இடங்களிற் கலந்து, செய்தி அறிந்து மீள்வதில் வல்லவர். 1895-ஆம் ஆண்டில் நியூயார்க்குப் போலீஸ் நிர்வாகத் தலைவராய் இருந்த தியோடோர் ரூஸ்வெல்ட் இவரது திறமையைக் கண்டு துப்பறியும் பகுதியில் சார்ஜெண்டு பதவிக்கு உயர்த்தினார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியாய் விளங்கியவர் அந்த ரூஸ்வெல்டே. அவ்விருவர்க்கும் நட்பு நிலைத்திருந்தது.

இவர் குற்றவாளியைப் பிடித்ததை மட்டும் கூறி, குற்றமற்றவரைக் காத்ததைக் கூறாதொழிவது முறையன்று. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இத்தாலியர் ஒருவர்க்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்தது. அவர் அக்கொலையைச் செய்திலர் என்று பெட்ரோசினோவுக்குத் தோன்றிற்று. வழக்கோ முடிந்துவிட்டது, மேலதிகாரிகள் அதனை மீண்டும் ஆராயப் பணித்தாருமிலர். எனினும் அவர் ஓயாது தேடி, உண்மைக் கொலைஞனைப் பால்டிமோர் நகரத்திற் கண்டுபிடித்துக் கொணர்ந்தார். மின்சார நாற்காலிக்குக் காத்திருந்தவர் உயிர் பிழைத்தார். தம் குலத்தாரிடத்து அவர்க்கிருந்த அன்பு இத்தன்மையது. குற்றமிலாதவரைக் காக்கும் கையும் குற்றமுடையவரைப் பிடிக்கும் கையும் அவரிடத்து ஒன்றாகவே இருந்தன.

1900-ஆம் ஆண்டில் இத்தாலி மன்னர் உம்பர்த்தோ சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அமெரிக்காவில் வாழ்ந்து, அங்கிருந்து புறப்பட்டுச் சென்ற ஓர் அராஜகன். அதன்மேல் பெட்ரோசினோ அராஜகர் கூட்டங்களில் மாறுவேடத்தோடு புகுந்து செய்தி அறிந்தார். ஜனாதிபதி மக்கின்லியின் உயிர்க்கும் தீங்கு நேரலாம் என்று அரசாங்கத்தாருக்கு எச்சரிக்கை செய்தார். அவ்வெச்சரிக்கையை எவரும் பெரிதாகக் கொண்டிலர். 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பஃபலோ நகரத்தில் மக்கின்லி சுடப்பட்டு மாண்டார்.

1903-ஆம் ஆண்டில் நியூயார்க்குத் தெருவில் ஒரு மரப்பீப்பாயினுள் ஓர் ஆடவரது பிணம் கிடந்தது. இறந்தவர் இன்னாரென ஒருவரும் அறிந்திலர். பெட்ரோசினோ சிங்சிங் சிறைக்குச் சென்று, அங்கிருந்த கைதி ஒருவனிடம் இறந்தவரது உருவப்படத்தைக் காட்டினார். அவனோ அதனைக் கண்டு, தன் உறவினர் மதோனியா என்று அடையாளம் கூறினான். இக்கொலையிற் சம்பந்தப்பட்டவர் என்று ஐயுறப்பட்டாருள் வீத்தோ காஷோ பெர்ரோ என்னும் சிசிலியனும் ஒருவன். அவன் அமெரிக்காவை விட்டுத் தன் தீவிற்கு ஓடிப்போனான். இப்பெயரைப் படிப்போர் நினைவிற் கொள்க.

கருங்கை

அக்காலத்தில் இத்தாலியர் அமெரிக்காவிற் பெருந்திரளாகக் குடியேறினர்; சில ஆண்டுகளில் வந்தோர் தொகை ஆண்டொன்றுக்கு 2 லட்சத்திற்கும் மேற்பட்டது. அவருட் பெரும்பாலார் சுரங்கம் வெட்டியும் கல் சுமந்தும் பழம் விற்றும் மானத்தோடு பிழைத்தவர். அவர்க்கிடையே ஒரு நோயும் உடன் வந்தது. அதற்குக் கருங்கை என்று பெயர். சிறிது பொருள் சேர்த்த கடைக்காரர் ஒருவர்க்கு ஒருநாள் மொட்டைக் கடிதம் வரும். இன்ன தொகையை இன்ன இடத்தில் வையாவிடின் உயிர் போகும் என்று அதில் எழுதியிருக்கும்; கீழே கரிய கை, கத்தி, மண்டையோடு முதலியவற்றின் உருவம் வரைந்திருக்கும். பணம் கொடாதவர் கடையில் வெடிகுண்டு வெடிக்கும்; அல்லது அவர் குழந்தை காணாமற் போகும். கருங்கை என்பது ஒரே சங்கம் அன்று. தனித்தனிக் கூட்டத்தார் பலரும் அப்பெயரைச் சொல்லியே மக்களை நடுங்கச் செய்தனர்.

இத்துன்பம் வளர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. போலீஸார் இத்தாலியர் பேச்சை அறியார். அவர் குறையைக் கேட்கவும் முயலார். இஃதொன்று. துன்புற்ற இத்தாலியரும் போலீஸாரிடம் வாய் திறவார். தம்மவரைக் காட்டிக்கொடுத்தல் இழிவு என்பது பழைய ஊரிலிருந்தே அவர் கொண்டுவந்த எண்ணம். இஃது மற்றொன்று. புகழ்பெற்ற இசைவாணர் என்ரிக்கோ கரூசோவுக்கும் அத்தகைய கடிதம் வந்தது. பணம் கொடுத்தால் கடிதம் நில்லாது, பெருகும் என்பதை எடுத்துக்காட்டி, குற்றவாளிகளைப் பிடிக்கத் துணைபுரியுமாறு அவரை இசைவித்தவர் பெட்ரோசினோவே.

பெட்ரோசினோ விடாது வற்புறுத்தியதன் பயனாக 1904-ஆம் ஆண்டில் இத்தாலியப் பகுதி என்னும் தனிப்பிரிவு அவர் தலைமையில் ஏற்பட்டது. தொடக்கத்தில் அவர்க்கு உதவியாளர் ஐவரே. அச்சிறு படை கொண்டு அவர் நூற்றுக்கணக்கான குற்றவாளிகளைச் சிறைப்படுத்தினார். 1907-ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்துக் கமோரா என்னும் கொடிய கூட்டத்தின் தலைவன் என்ரிக்கோ அல்பானோவை நியூயார்க்கில் பிடித்து இத்தாலிக்கு அனுப்புவித்தார்.

அவர் தம் மக்களிடத்துப் பெற்ற கைம்மாறு யாது? பெட்ரோசினோ என்னுஞ் சொல் தென் இத்தாலியர் வழக்கிற் கொத்தமல்லி போன்ற ஒரு கீரைக்கும் பெயராகும். அவர் தெருவில் வருவதைக் கண்டால் கீரை விற்பார் போல் அப்பெயரைக் கூவித் திருடரை எச்சரிப்போர் இருந்தனர் என்பர். அவ்வினத்துப் பெரிய மனிதர் சிலரும், இவர் நம்மவர் குற்றத்தை ஊரறியச் செய்து நம் பெயரைக் கெடுக்கின்றார் என்று முணுமுணுத்தனர். மற்றை இனத்தாரோ இத்தாலியர் அனைவரையும் கள்வராகவே எண்ணினர். இவ்விருவர்க்கும் நடுவே நின்று அவர் தம் வேலையைச் செய்தார். அவர் குறையற்றவர் என்று யாம் கூறவில்லை. சட்டத்திற்கு அகப்படாது தப்பியவரைத் தம் கை வன்மையால் ஒறுத்தலும் அவரிடத்து உண்டு. அது புகழத்தக்கதன்று. ஆயினும் அவர் கைக்கூலி வாங்கினார் என்று அவர் பகைவரும் மெய்ப்பித்திலர்.

இறுதிப் பயணம்

பெட்ரோசினோ தம் பணியிலேயே இளமையைச் செலவிட்டவர்; நாற்பது வயது கடந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே அதெலினா என்னும் மாதரசியை மணந்தார். 1908-ஆம் ஆண்டில் அவர்க்கு ஒரு பெண் மகவு பிறந்தது. அக்குழந்தை பிறந்து சில மாதமே சென்றிருந்தபோது ஆபத்தான ஒரு பணி அவரை அழைத்தது. தம் நாட்டிற் குற்றத் தண்டனை பெற்ற அயல்நாட்டார், அமெரிக்காவிற்கு வந்து மூன்று ஆண்டுகள் நிரம்பாதிருந்தால், அவரைத் திருப்பியனுப்புதற்கு 1907-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. அதற்கு வேண்டுவது அவர் முன்பு தண்டனை பெற்றமை காட்டும் பதிவுகள். அவை இத்தாலிய நீதிமன்றங்களில் இருந்தன. அவற்றை மறைவாகத் திரட்டி வருமாறு போலீஸ் கமிஷனர் பிங்காம் அவரை ஏவினார்.

1909-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் தேதி பெட்ரோசினோ வேறு பெயர் பூண்டு கப்பலேறினார். அவர் இத்தாலியை அடைவதற்குள்ளாகவே, எவர் அதனை மறைத்திருத்தல் வேண்டுமோ அந்தக் கமிஷனரே பத்திரிகைக்காரரிடம் வாய் நழுவவிட்டார். செய்தி நியூயார்க்கிலும் அச்சேறியது, இத்தாலியிலும் பரவியது. தாம் பிறந்த பாதுலாவுக்குச் சென்று தம் தம்பியைக் கண்டபொழுது, அவரும் அச்செய்தியைப் பத்திரிகையிற் படித்திருக்கக் கண்டார். திரும்பிச் செல்ல அப்பொழுதும் வழியிருந்தது. அவர் திரும்பவில்லை. சிசிலித் தலைநகராகிய பலெர்மோவை அடைந்து பதிவுகளைத் திரட்டத் தொடங்கினார். அந்நகரத்துப் போலீஸ் தலைவர் மெய்காவலர் தருவதாகக் கூறியும் அவர் வேண்டாவென மறுத்தார்.

மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி இரவு ஏறக்குறைய எட்டேமுக்கால் மணி. மரீனா சதுக்கத்திலே, கரிபால்டி தோட்டத்தின் வேலியருகே பெட்ரோசினோ நின்றிருந்தார். உளவு கூறுவார் எவரையோ எதிர்பார்த்து நின்றனர் என்று கருதப்படுகின்றது. திடீரென்று துப்பாக்கி வெடித்தது. குண்டுகள் அவர் உடலிற் பாய்ந்தன. அருகிருந்த கப்பல் மாலுமி ஒருவரே முதலில் ஓடிவந்தார். அதற்குள் உயிர் பிரிந்தது. அவர்க்கு அப்போது வயது 48.

இறுதிக் கடனும் பின் நிகழ்ந்தனவும்

அவர் உடலைக் கப்பலேற்றி நியூயார்க்குக்குக் கொணர்ந்தனர். ஏப்ரல் மாதம் 12-ஆம் தேதி நடந்த இறுதி ஊர்வலத்தில் 2 லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் தெருவில் நின்றனர். நகரத்தார் அந்நாளை விடுமுறை நாளாக்கினர். ஒருகாலத்தில் அவர் காலணி துடைத்தும் குப்பை கூட்டியும் திரிந்த நகரம் அன்று அவர்க்காகத் தலை வணங்கியது. முணுமுணுத்த இத்தாலியரும் அக்கூட்டத்தில் இருந்தனர். மறைவில் அவரைப் புகழ்ந்து வெளியில் வாய் மூடியிருந்தவரும் இருந்தனர்.

பலெர்மோப் போலீஸார் பலரைப் பிடித்தனர். வீத்தோ காஷோ பெர்ரோவே ஏவியவன் என்று ஐயுற்றனர். அரசியற் செல்வாக்குடைய ஒருவர் அவன் அன்றிரவு தம் வீட்டில் இருந்தான் எனச் சான்று கூறினார். முடிவில் அனைவரும் விடுதலை பெற்றனர். காஷோ பெர்ரோ பிற்காலத்தில் வேறொரு குற்றத்திற்காகச் சிறை புகுந்து, சிறையிலேயே மாண்டான். 2014-ஆம் ஆண்டில் பலெர்மோவில் ஒருவன், தன் குடும்பத்து முன்னோன் ஒருவனே காஷோ பெர்ரோவின் ஏவலால் அக்கொலையைச் செய்தான் என்று தன் கூட்டாளிகளிடம் பெருமை பேசியதைப் போலீஸார் ஒட்டுக் கேட்டுப் பதிந்தனர். அதுவும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டதன்று. நூறாண்டு கழிந்தும் ஒரு கொலையைக் குடும்பப் பெருமையாகக் கொள்வாரும் உளர் என்பதனை அஃது உணர்த்துகின்றது.

பாதுலாவில் அவர் பிறந்த வீடு இன்று அவர் நினைவைக் காக்கும் காட்சிச்சாலையாய் விளங்குகின்றது. நியூயார்க்கில் ஒரு சதுக்கம் 1987-ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவர் வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? ஒற்றுமை என்பது சங்கங்களின் உயிர், அதில் ஐயமில்லை. ஆயினும் தீயவனை மறைக்கும் ஒற்றுமையினால் முதலிற் கெடுவது அவன் தெருவில் வாழும் நல்லவனே. கருங்கைக்குப் பணம் கொடுத்தவர் யாவர்? இத்தாலியர். வெடிகுண்டினாற் கடை இழந்தவர் யாவர்? இத்தாலியர். அவர்க்காக உயிர் கொடுத்தவரும் ஓர் இத்தாலியரே. நம் குழந்தைகள் ஒருவன் செய்த பிழையைக் கண்டு வந்து நம்மிடம் கூறுங்கால், கோட்சொல்லி என்று அவர்களை நகைத்து வாயடைப்போமாயின், பெட்ரோசினோவைத் தனியே நிற்கவிட்ட பெரிய மனிதரின் பிழையையே நாமும் செய்தவராவோம். அவர்கள் கூறுவதைப் பொறுமையோடு கேட்டு, உண்மையாயின் அவர்கள் பக்கம் நிற்போமாக. அவ்வொழுக்கம் நம் வீடுகளில் வேரூன்றுமாயின், பலெர்மோ வீதியிற் சிந்திய அவர் குருதி நமக்கும் பயன்பட்டதாகும்.