ஆலயக் கூரையில் ஒரு தொலைநோக்கி

வீட்டு மொட்டைமாடியில் சிறிய தொலைநோக்கியை நிறுத்தி, அதில் கேமராவைப் பொருத்தி, வியாழன் கோளையும் அதன் நிலாக்களையும் படமெடுப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். வானத்தைப் படம்பிடிக்கும் இக்கலையின் முன்னோடிகளுள் ஓர் அருள்பணியாளரும் உண்டு. அவர்தான் இயேசு சபைத் துறவி ஆஞ்சலோ செக்கி.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் 1818-ஆம் ஆண்டு பிறந்த இவர், 15 வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். 1848-ஆம் ஆண்டின் புரட்சியால் உரோமையை விட்டு வெளியேறி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தங்கினார். திரும்பி வந்ததும் உரோமைக் கல்லூரி வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். அருகிலுள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயத்திற்குத் திட்டமிட்டிருந்த குவிமாடம் கட்டப்படவே இல்லை. அதைத் தாங்குவதற்கென எழுப்பிய உறுதியான தூண்களின்மேல் தம் புதிய வானாய்வகத்தை அமைத்தார் செக்கி. அங்கிருந்து நிலாவை ஆராய்ந்தார். செவ்வாய்க் கோளை வண்ணத்தில் வரைந்தார்.

அக்காலத்தில் அறிஞர்களிடையே ஒரு கேள்வி இருந்தது. முழுச் சூரிய கிரகணத்தின்போது விளிம்பில் தெரியும் செந்நிறச் சுடர்கள் சூரியனுடையவையா, நிலாவுடையவையா, அல்லது வெறும் கண்மயக்கமா? ஒவ்வொருவரும் தாம் கண்டதை வரைந்தனர். ஆனால் வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

1860 ஜூலை 18 அன்று ஸ்பெயினில் முழுக் கிரகணம் நிகழ்ந்தது. மத்தியதரைக் கடலோரப் பகுதியிலுள்ள தெசியெர்தோ தே லாஸ் பால்மாஸ் மலையில் செக்கியும் அவர் குழுவினரும் காத்திருந்தனர். ஆங்கிலேயரான வாரன் தெ லா ரூ, வெகுதொலைவில் ரிவாபெயோசா என்ற ஊரில் இருந்தார். மருந்து பூசிய கண்ணாடித் தகட்டை, ஈரம் காயும் முன்பே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். இருள் நீடித்ததோ சில நிமிடங்களே. பின்னர் இருவர் எடுத்த படங்களையும் ஒப்பிட்டபோது, அதே சுடர்கள் அதே வடிவில் இரண்டிலும் இருந்தன. அவை சூரியனுக்கே உரியவை என்பது உறுதியாயிற்று.

அதன்பின் செக்கி ஏறக்குறைய 4,000 விண்மீன்களின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்து, அவற்றை வகைப்படுத்தினார். 1870-இல் இத்தாலியப் படைகள் உரோமையைக் கைப்பற்றின. கல்லூரி இயேசு சபையின் கையைவிட்டுப் போனது. செக்கி தம் சபையையும் திருத்தந்தையையும் விட்டு விலகவில்லை. அவருடைய அறிவை மதித்த புதிய அரசு, வானாய்வகத்தில் தொடர அவரை அனுமதித்தது. 1878 பிப்ரவரி 26 அன்று அவர் உரோமையில் இறைவனடி சேர்ந்தார். நிலாவிலுள்ள ஒரு பள்ளம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அறிவியல் படித்தால் நம் பிள்ளைகளின் விசுவாசம் குன்றிவிடுமோ என்று நம்மில் சிலர் அஞ்சுகிறோம். திருப்பலி நிறைவேற்றிய அதே கைகளால் தொலைநோக்கியைத் திருப்பிய செக்கிக்கு அந்த அச்சம் இருந்ததில்லை. தாம் கண்டது சரிதானா என்று மற்றவரின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அவர் தயங்கவில்லை. உண்மையைத் தேடுபவர் இறைவனை விட்டு விலகிச் செல்வதில்லை. எனவே, நம் பிள்ளைகள் இரவு வானத்தைக் காட்டிக் கேள்வி கேட்கும்போது, அவர்களோடு நாமும் அண்ணாந்து பார்ப்போம்.