ஆன் சலிவன் அம்மையார்: கையில் எழுதிக் கல்வி ஈந்தவர்

ஹெலன் கெல்லர் அம்மையாரின் பெயரைக் கேளாத மாணாக்கர் அரியர். கட்புலனும் செவிப்புலனும் இழந்தும் பட்டம் பெற்று, நூல்கள் இயற்றி, உலகம் போற்ற வாழ்ந்தவர் அவர். அவரை உருவாக்கிய ஆசிரியையை அறிந்தாரோ சிலர். கல்லூரியின் விழா மலரில் ஓர் ஆசிரியரின் சரிதம் இடம்பெறுதல் பொருத்தமாதலின், ஆன் சலிவன் அம்மையாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அம்மையார் 1866 ஏப்ரல் 14 இல், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய வறிய பெற்றோருக்குப் பிறந்தார். ஐந்து வயதளவிற் கண்ணோய் பற்றிப் பார்வை மங்கிற்று. தாய் இறந்தார், தந்தை கைவிட்டார். 1876 இல் ஆனும் தம்பி ஜிம்மியும் ரியூக்ஸ்பரி என்னும் ஊரிலிருந்த வறியோர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். சில மாதங்களுள் தம்பி அங்கேயே மாண்டான். ஏடும் எழுத்தும் அறியாது சிறுமி அவ்விடத்தே வளர்ந்தாள். 1880 இல் விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தபோது, அவர்கள் பின்னே சென்று, தான் பள்ளிக்கூடம் போகவேண்டுமெனக் கதறினாள். அக் கதறல் வீண்போகவில்லை. பொஸ்ரன் நகரிலிருந்த பேர்க்கின்ஸ் பார்வையற்றோர் பாடசாலையில் அவளுக்கு இடங் கிடைத்தது.

அப்பொழுது வயது பதினான்கு. தன் பெயரைத்தானும் எழுத அறியாள். சக மாணவியர் நகைத்தனர். நகைப்புக்கு விடையாக அவளிடம் இருந்தது சினம் ஒன்றே. ஆசிரியரை எதிர்த்துப் பேசினாள், விதிகளை மீறினாள், பாடசாலையினின்று விலக்கப்படும் நிலையும் நேர்ந்தது. எனினும், அச் சினத்தின் அடியிற் கிடந்த அறிவை உணர்ந்த ஆசிரியர் சிலர் அவளைக் கைவிட்டாரல்லர். சத்திரசிகிச்சையாற் பார்வை ஓரளவு மீண்டது. அங்கு வாழ்ந்த, கண்ணும் செவியும் புலனற்ற லோரா பிறிட்ஜ்மன் அம்மையாரிடம் கையெழுத்துமுறையைப் பயின்றாள். உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்களை உணர்த்தும் முறை அது. 1886 இல் வகுப்பின் முதன்மை மாணவியாய்த் தேறினாள்.

மறு ஆண்டு மார்ச் 3 ஆம் நாள், அலபாமா மாநிலத்து ரஸ்கம்பியா ஊரிற் கெல்லர் குடும்பத்தாரின் இல்லத்தை ஆசிரியையாக அடைந்தார். ஹெலனுக்கு அப்பொழுது ஏழு வயது நிரம்பவில்லை. பத்தொன்பதாம் மாதத்தில் வந்த நோயொன்றினாற் பார்வையும் கேள்வியும் இழந்த குழந்தை அது. இரக்கத்தாற் பெற்றோர் எதனையும் மறுத்திலர். பிறர் தட்டுக்களிற் கையிட்டு உண்ணும். தடுத்தால் அடிக்கும், உதைக்கும். ஒருநாள் ஆசிரியையை அறையினுள் வைத்துப் பூட்டித் திறவுகோலையும் ஒளித்துவிட்டது.

அம்மையார் வெகுளவில்லை, விட்டுக்கொடுக்கவுமில்லை. ஒரு காலைப்பொழுதில் வீட்டாரை வெளியேற்றிக் கதவைப் பூட்டி, குழந்தை தன் தட்டிற் கரண்டியால் உண்ணும்வரை நெடுநேரம் போராடினார். பின்னர்ப் பெற்றோரின் இசைவுடன், வீட்டுக்கு அணித்தாயிருந்த சிறுமனையில் இருவருமாய்த் தனித்து வாழ்ந்தனர். சீற்றம் தணிந்தது. ஆயினும் பணிவு மட்டும் கல்வியாகாதென்பதை அம்மையார் நன்கறிவார். ஓயாது கையிற் சொற்களை எழுதினார். ஏப்ரல் 5 ஆம் நாள், நீரிறைக்கும் குழாயடியில், ஒரு கையில் தண்ணீர் பாய, மறுகையில் அதன் பெயரை எழுதியபோது, ஒவ்வொரு பொருளுக்கும் பெயருண்டென்பது குழந்தைக்கு விளங்கிற்று. பேச வழி பிறந்தபின் அடிக்கவும் உதைக்கவும் தேவை குறைந்தது.

அதன்பின் அம்மையார் செய்ததே ஆசிரியர்க்கு மிகவும் பயன்படுவது. நேர அட்டவணைப் பாடங்களை அவர் ஒதுக்கிவிட்டார். ஹெலனின் உறவினருள் ஒரு சிறு மழலை பேச்சைக் கற்கும் விதத்தை உற்றுநோக்கினார். மழலை தான் பேசுமுன்னரே பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதைக் கண்டார். அவ்வாறே ஹெலனின் கையிலும் தனிச் சொற்களை விடுத்து முழு வாக்கியங்களை எழுதலானார். தோட்டமும் ஆற்றங்கரையும் வகுப்பறையாயின.

1900 முதல் 1904 வரை ராட்கிளிவ் கல்லூரியில் ஹெலனின் அருகிலிருந்து விரிவுரைகளைக் கையில் எழுதியவரும், நூல்களை வாசித்துத் தம் நலிந்த கண்களை மேலும் வருத்தியவரும் அம்மையாரே. பட்டம் மாணவிக்கு வந்தது. இறுதிக் காலத்தில் அம்மையார் பார்வையை முற்றாக இழந்தார். 1936 ஒக்ரோபர் 20 இல் அவர் காலமானார். அவரது சாம்பல் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1968 இல் மாணவியின் சாம்பலும் அருகே சேர்ந்தது.

ஓர் ஆசிரியைக்கு ஒரு மாணவி. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இஃதெவ்வாறு இயலும் என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் ஒன்று இயலும். யான் ஆசிரியத் தொழில் தொடங்கிய காலத்தில், பிறிதொரு பாடசாலையில், பெயர் சொல்லி அழைத்தும் எழாத ஒரு சிறுவனை இறுமாப்புடையவனென்று கருதிக் கடைசி வாங்கில் இருத்தினேன். அவனுக்குக் காது சரியாகக் கேளாதென்பதை ஆண்டிறுதியிலேயே அறிந்தேன். முன்வாங்கில் இருத்தி முகம் பார்த்துப் பேசியிருப்பின் போதுமாயிருந்தது. அதற்கு எத்துணைப் பொருட்செலவும் வேண்டியதில்லை.

அடங்காத பிள்ளையை அடக்குமுன் அவன் எதனைச் சொல்ல இயலாது தவிக்கின்றான் என ஆராய்தல் ஆசிரியர் கடன். அடங்காப் பிள்ளையென்று பெயரெடுத்த ஒருத்தியே அக் கடனை உலகிற்குக் கற்பித்தார். நம் கல்லூரியின் கடைசி வாங்குகளிலும் அத்தகையோர் இருத்தல் கூடும். அவர்களை நாம் காண்போமாக.