நாணலின் ஊர் தேடிய ஜானகி அம்மாள்

கரும்பைத் தொலைவிலிருந்து இந்நிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்னும் செய்தியைப் புறநானூறு பயின்றோர் அறிவர். பயிருக்கும் ஓர் ஊர் உண்டு, அது அங்கிருந்து புறப்பட்டு வேற்றூர் வந்து சேர்கிறது என்ற எண்ணம் நம் புலவர்களுக்குப் புதியதன்று. எந்த உயிர் எந்த நிலத்துக்கு உரியது, ஏன் அங்கு நின்றது, எப்படிப் பரவியது என்று ஆராயும் துறையை இன்று உயிர்ப்புவியியல் என்பர். அவ்வினாவைச் செடியின் உயிரணுவுக்குள்ளே தேடியவர் ஜானகி அம்மாள். நம் திருப்பூர் கோவை மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்தில், கோவையில் ஐந்தாண்டு பணியாற்றியவர் என்பதால் அவர் நமக்கு அயலாரும் அல்லர்.

1897 நவம்பரில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தை கிருஷ்ணன் துணை நீதிபதி. தோட்டக்கலையிலும் பறவைகளிலும் ஈடுபாடு மிக்கவர். வட மலபாரின் பறவைகளைப் பற்றி நூல் எழுதியவர். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் பயின்று, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். தமக்கு வந்த வாய்ப்பை ஏற்று, பார்பர் உதவித்தொகையுடன் 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியப் பெண்களில் பள்ளி கண்டவரே சிலராக இருந்த காலம் அது.

திருவனந்தபுரத்தில் ஈராண்டு பேராசிரியராக இருந்தபின், 1934இல் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். கரும்புக்கு இனிப்பூட்டிய அம்மையார் என்று மேடைகளிலும் பாடநூல்களிலும் அவரைப் புகழ்வது வழக்கம். புகழ்ச்சி நல்லதே, ஆயினும் உண்மை வேறு. பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் உருவாக்கிய கோ 205 என்னும் புகழ்பெற்ற கலப்பினக் கரும்பு 1918இலேயே பஞ்சாப் வயல்களுக்குச் சென்றுவிட்டது. அதன் தாய், வெள்ளை என்று தமிழ்ப் பெயர் பூண்ட கரும்பு. தந்தை, கோவைப் பக்கத்தில் தானே வளர்ந்து கிடந்த காட்டு நாணல். இனிப்பு கரும்பினுடையது, வறட்சியையும் நோயையும் தாங்கும் உரம் நாணலினுடையது.

அம்மையார் கண் வைத்தது அந்த நாணலின்மேல். ஓடைக்கரையில் எவரும் பொருட்படுத்தாத புல் அது. இடத்துக்கு இடம் அதன் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுவதை அவர் எண்ணிக் காட்டினார். ஒரே பெயர் கொண்ட புல்லில் அவ்வெண் 40 முதல் 128 வரை விரிவதை இன்று அறிவோம். குரோமோசோம் தொகுதிகள் மடங்காகப் பெருகுவதைப் பன்மடியம் என்பர். அப்பெருக்கம் நிலத்தோடும் தட்பவெப்பத்தோடும் எவ்வாறு உறவுடையது என்பதே அவர் வாழ்நாள் வினாவாயிற்று. கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்து, எவை எவற்றுக்கு உறவு என்றும் பார்த்தார். பெண்ணாகவும், தீயர் குலத்தவராகவும், தனித்து வாழ்பவராகவும் இருந்தமையால் கோவை நாட்கள் அவருக்கு எளிதாக அமையவில்லை என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டிற்குச் சென்றவரைப் போர் அங்கேயே நிறுத்திவிட்டது. இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் நிறுவனத்தில், குண்டுவீச்சின் நடுவே, டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விவர நூலை 1945இல் வெளியிட்டார். பின் விஸ்லி தோட்டத்தில் பணி; அங்கு அவர் ஆய்ந்த மக்னோலியா வகையொன்று இன்றும் அவர் பெயர் தாங்கியுள்ளது. ஐம்பது வயதுக்குள் பல பணியிடங்கள். நாணலின் ஊரைத் தேடியவருக்குத் தமக்கென ஓர் ஊர் வாய்க்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

1951இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். இமயத்தின் வடமேற்கு குளிரும் வறட்சியும் உடையது. வடகிழக்கு குளிரும் ஈரமும் உடையது. ஈரமான கிழக்கில் பன்மடியம் மிகுந்து புதிய இனங்கள் விரைவாகத் தோன்றுகின்றன என்றும், சீன, மலேயத் தாவரங்கள் அங்கு வந்து நம் தாவரங்களோடு கலந்ததும் அவ்வளத்துக்குக் காரணம் என்றும் விளக்கினார். திணையை நிலத்தோடும் பொழுதோடும் பொருத்திக் கண்ட மரபில் வந்த நமக்கு இவ்விளக்கம் அந்நியமாகப் படாது. அசாமில் அரியதொரு மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றவர், அது எரிக்கப்பட்டுக் கிடப்பதையே கண்டார். 1955இல் பிரின்ஸ்டனில், மனிதன் நிலத்தை மாற்றிய வரலாறு பற்றிய பேரரங்கில் இந்திய மக்களின் பிழைப்பு வேளாண்மை குறித்து அவர் உரையாற்றியதற்குப் பின்னால் அக்கரிந்த மரமும் இருந்திருக்கலாம்.

1970இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் இணைந்து, மதுரவாயல் ஆய்வுக்களத்தில் தங்கினார். எண்பதை எட்டிய நிலையிலும் அணைத் திட்டத்துக்கு இலக்காகியிருந்த அமைதிப் பள்ளத்தாக்கின் தாவரங்களுக்குக் குரோமோசோம் கணக்கெடுப்பைத் தொடங்கினார். அக்காடு பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ளது. ஆடிக்காற்றாக நம் திருப்பூர் வரை வந்து வீசும் காற்றுக்குக் கணவாய் வாயில். மலையுச்சிச் சோலையை விட்டு இறங்காத உயிர்களுக்கோ அது மதில். கணவாயின் இருபுறத்துச் சோலைப் பறவைகள் சில நெடுங்காலம் முன்பே பிரிந்து தனித்தனி இனங்களாகிவிட்டதை, அம்மையாரின் பேரப்பிள்ளைகள் வயதினரான இளம் ஆய்வாளர்கள் மரபணுக்களைக் கொண்டு காட்டி வருகின்றனர். அவர்களிலும் பலர் ஓரிரு ஆண்டு உதவித்தொகையை நம்பி மலையேறுகிறவர்களே.

அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அம்மையார் மதுரவாயலில் காலமாகியிருந்தார்.